மூன்று தடவை ஒட்டிய தாள்

டென்னிஸ் குழுவின் துணைத்தலைவி என்று வேலை விண்ணப்பப் படிவத்தில் எழுதச் சொன்னார் மொரிதா. ஒசாகாவில் ஒரு கல்லூரியின் வெளிநாட்டு மாணவர்களுக்கு வேலை தேட வழிகாட்டுவது அவர் பொறுப்பு. சம்ஜனா தமாங் டென்னிஸ் மட்டையைத் தொட்டதுகூட இல்லை. நேபாளத்திலிருந்து வந்த இந்த நான்கு வருடங்களும் கல்லூரி விட்டால் சாப்பாட்டு டப்பா அடைக்கும் தொழிற்சாலை, அது விட்டால் தூக்கம்.

“தொழிற்சாலைன்னு எழுதினா மட்டமா நெனைப்பாங்கம்மா. எல்லாரும் இப்படித்தான் எழுதுறாங்க.”

எழுதினாள். முப்பத்தொரு நிறுவனங்கள் ஏறக்குறைய ஒரே வார்த்தைகளில் அவளுடைய எதிர்காலத்தை வாழ்த்திக் கைவிரித்தன. மார்ச்சில் விசா முடிகிறது.

அறைத்தோழி லான், வியட்நாம்காரி, கட்டிலில் சம்மணமிட்டு நேர்காணல் அதிகாரியாக நடிப்பாள். “படிக்கிறப்போ ரொம்பப் பாடுபட்டுச் செஞ்சது என்ன, சொல்லுங்க.”

“டென்னிஸ் குழுவுல ஒற்றுமையை...”

லான் சிரித்துவிட்டாள். “ஏய், உனக்கே நம்பிக்கையில்ல. அவங்கள எப்படிடி நம்ப வைப்ப?”

அந்தச் சிரிப்பு சுருக்கென்றது. அன்றே புதுப் படிவம் எடுத்து, தொழிற்சாலையின் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினாள்.

முப்பத்திரண்டாவது, ஓர் உணவு நிறுவனம். மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். அதே கேள்வி வந்தது.

“டப்பா தொழிற்சாலையில வேலை பாத்தேன். இறால் ஒத்துக்காதவங்களுக்குப் போற டப்பாவுல ரெண்டு தடவை இறால் விழுந்துடுச்சு. அறிவிப்பு ஜப்பானிய மொழியில மட்டும்தான் இருந்துச்சு. புதுசா வர்றவங்களுக்குப் படிக்கத் தெரியாது, திட்டு மட்டும் கெடைக்கும். நான் படம் போட்டு, நாலு மொழியில எழுதி ஒட்டினேன். சுவர் அசிங்கமா இருக்குன்னு மேற்பார்வையாளர் கிழிச்சார். மறுபடி ஒட்டினேன். மூணு தடவை.”

நடுவிலிருந்தவர் பேனாவை மூடினார். “வேண்டாம்னு அவர் சொன்ன பிறகுமா?”

“ஆமா சார்.”

“இங்கயும் அப்படித்தான் செய்வீங்களா?”

மொரிதாவாக இருந்தால் இந்த இடத்தில் தலை குனிந்து மன்னிப்புக் கேட்கச் சொல்லியிருப்பார். அவள் குனியவில்லை.

“ஒருத்தர் உயிருக்கு ஆபத்துன்னா, செய்வேன்.”

யாரும் எதையும் குறித்துக்கொள்ளவில்லை. அதுவரை வாய் திறக்காமல் ஓரத்தில் இருந்த நரைமுடிப் பெண்மணி, சம்ஜனாவின் படிவத்தைக் கவிழ்த்துப் பேனாவோடு அவள் பக்கம் நகர்த்தினார்.

“அந்தத் தாள் எப்படி இருந்துச்சு? வரைஞ்சு காட்டுங்க.”

முன்பக்கம் ஒட்டியிருந்த தன் புகைப்படத்தின் முதுகில் சம்ஜனா பெரிதாக ஓர் இறால் வரைந்தாள். மீசை, வளைந்த வால். பிறகு தாள் கிழிந்துவிடும்போல அழுத்தி, அதன் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள்.