பில்கிஸின் ஐந்தாவது தைம் செடி

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. பெங்களூரிலிருந்து போனில் பில்கிஸ் தன் செடியை விசாரித்தாள். "நல்லா இருக்கும்மா" என்றேன். அப்போது அதன் அடித்தண்டு கறுத்து, தொட்டால் வழுக்கியது. பொய்யை உண்மையாக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி எழுதுவது. உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: ஆம்பூரின் ஒரு மொட்டைமாடியில், மழையை வென்ற ஒரு சிறிய

(வேண்டாம். வென்றிருந்தால் கதை எதற்கு?)

இரண்டாவது: தைம் என்பது ஒரு வாசனைச் செடி, ஓமவல்லிக்குத் தூரத்து உறவு. இலை மட்டும் எறும்பளவு. வறண்ட சரிவுகளில் வளர்வது. பில்கிஸ் வேலை பார்க்கும் ஷூ கம்பெனிக்கு வந்த இத்தாலிக்காரர் ஒருவர் விதை கொடுத்தார். நான்கு செடிகள் ஐப்பசி மழையில் அழுகிவிட்டதாகச் சொன்னாள். ஐந்தாவது பிழைத்தது. விதை தீர்ந்துவிட்டது. மகளின் பிரசவத்துக்குக் கிளம்பும்போது, பக்கத்து வீட்டுக்காரனான என்னிடம் தொட்டியைக் கொடுத்தாள். பேசாத மனிதர் செடியைத் தொந்தரவு செய்யமாட்டார் என்று நினைத்திருக்கலாம்.

3

செய்தேன்.

இங்கே தோல் கழிவு இறங்கிய போர் தண்ணீரை யாரும் வாயில் வைப்பதில்லை. குடிக்கக் கேன் தண்ணீர்தான். விருந்தாளிக்குக் கொடுப்பதுபோல் அதையே ஊற்றினேன், காலையும் மாலையும்.

(குறிப்பு: விரல் விட்டுப் பார்த்து, மண் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றச் சொல்லியிருந்தாள். கேன் தண்ணீர் விலைக்கு வாங்குவது. அதனால் கூச்சப்படுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.)

4

கன்னியப்பனை எப்படி எழுதுவது என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. கீழ்வீட்டுக்காரர், தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. முந்தைய வரைவில் அவரை ஞானியாக்கியிருந்தேன். உண்மையில் அவர் ஏணி கேட்டு வந்தார்.

"இன்னா சார், செடிக்குக் கேன் தண்ணியா? எங்க வீட்ல மனுஷனுக்கே பாதி நாள் இல்ல."

பச்சையாக இருக்கும் நுனிகளைக் கிள்ளி மணலில் செருகச் சொன்னார். ரோஜாவுக்கு அப்படித்தான் செய்வாராம், தைமைப் பற்றித் தெரியாதாம். செடி போனதை அந்த அம்மாவிடம் சொல்லிவிடுங்கள் என்றும் சொல்லிவிட்டு ஏணியோடு போய்விட்டார். பச்சையாக ஏழு நுனிகள் தேறின, செருகினேன்.

5

முடிவு அ: எங்காவது நர்சரியில் இன்னொரு தைம் வாங்கி அதே தொட்டியில் வைக்கிறேன். அவள் சந்தோஷப்படுகிறாள். அதற்குப் பிறகு அவள் எதிரில் வரும்போதெல்லாம் நான்

(முடிக்க முடியவில்லை.)

முடிவு ஆ: போன் செய்கிறேன்.

இதை எழுதுவதற்கு முன் செய்தேவிட்டேன்.

"செடி போய்ட்டுதும்மா. அன்னிக்கு நான் சொன்னது பொய். தண்ணி ஊத்தி ஊத்தி நான்தான் சாகடிச்சேன்."

அந்தப் பக்கம் பேரக்குழந்தை சிணுங்கியது.

"கேன் தண்ணியா அண்ணா?"

"ஆமா."

சிரிக்க ஆரம்பித்தாள். "முதல் நாலையும் நான் அப்படித்தான் கொன்னேன். சும்மா பழிய மழை மேல போட்டுட்டேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

(மன்னிக்கவும், பில்கிஸ்.)

6

அன்று மத்தியானமே தூங்கினேன், எத்தனையோ நாளுக்குப் பிறகு.

வெள்ளிக்கிழமை வருகிறாள். செருகிப் பதினைந்து நாளாகிறது. ஏழு நுனிகளும் பச்சையாகவே நிற்கின்றன. ஆனால் வெட்டிப் போட்ட கிளைகூடச் சில நாள் பச்சையாக இருக்கும். வேர் விட்டிருக்கிறதா என்று அறிய லேசாக இழுத்துப் பார்க்கலாம். விட்டிருந்தால், இழுக்கும்போது அறுந்துவிடும்.

நான் இழுக்கப் போவதில்லை. தொட்டியை இதோ உங்கள் முன்னால் வைக்கிறேன். நீங்களும் கையை எடுங்கள்.