இரண்டு எண்ணிக்கை மௌனம்

ஒரு மௌனத்தின் விலை இரண்டு எண்ணிக்கை, அதுவும் தெரியாமல் கொடுத்த விலை… கார் ஹைவேயில் வோபர்ன் பக்கம் ஊர்கிறது, அப்பா ஓட்டுகிறார், பக்கத்தில் சாம்பவி, முடிந்துவிட்டது, அப்பாடா, முடிந்தேவிட்டது, இசைக்குழுவின் பெரிய நடத்துநர் சீமோனுக்குக் காய்ச்சல், இன்றைக்கு ஒப்பரா இசைநாடகத்தை நீதான் நடத்தவேண்டும் என்று காலையில் போன் வந்தது, நன்றாக வந்தால் அடுத்த ஞாயிறும் நீ, பிழைவிட்டால் பழையபடி ஒத்திகைக்குப் பியானோ… எல்லாம் இந்தப் பாடகன் றொபேட்டால், இல்லை, என்னால்தான், யார் என்னைப் பேரம் பேசச் சொன்னது? வாத்தியங்கள் எல்லாம் ஓய்ந்து நிற்க அவன் தனியே பிடிக்கும் உச்சஸ்வரம், எத்தனை எண்ணும்வரை இழுக்கட்டும் என்று மேடையேறுமுன் கேட்டான், மனதில் ஐந்து, வாயில் மூன்று, ஊரில் பெரியகடைத் தெருவில் அப்பாவின் புடவைக்கடையில் வளர்ந்த வாய் அல்லவா, அவன் எட்டுக் கேட்பான், நான் முகம் சுளிப்பேன், ஐந்தில் படியும்… அவனோ, “ஓகே, மூன்று” என்றுவிட்டுப் போய்விட்டான், முதல் விலையையே விலையென்று நம்புகிற ஒரு மனிதன்! ஓடிப்போய்த் திருத்துவதற்குள் மணி அடித்தாயிற்று, மேடையில் கைக்கு அதெல்லாம் மறந்துபோயிற்று, அவன் மூன்றில் நிறுத்தினான், நான் கையை இறக்கினால்தான் வாத்தியங்கள் திரும்பத் தொடங்கும், கையோ ஐந்து எண்ணாமல் இறங்க மாட்டேன் என்றது, வாத்தியக்காரர் எல்லாரும் கையைப் பார்க்க, நான் றொபேட்டைப் பார்க்க, அவன் தரையைப் பார்க்க, நாலு… ஐந்து… மண்டபத்தில் ஒரு இருமல்கூட இல்லை, தொலைந்தேன் என்று கையை இறக்கினேன், பிறகு அந்தக் கைதட்டல், திரைக்குப் பின்னால் மனேஜர் கையைப் பிடித்துக் குலுக்கி, அடுத்த ஞாயிறும் நீதான், அந்த இடைவெளியை மட்டும் மாற்றிவிடாதே என்கிறார்…

“பிள்ளை, அந்தப் பெடியன் கத்தி முடிச்சாப்பிறகு எல்லாரும் பேசாமல் நிண்டியளே, உது ஆற்றை யோசினை?”

“ஏன் அப்பா?”

“நான் சீலையை விரிச்சுப் போட்டிட்டு வாயைப் பொத்திக்கொண்டு நிக்கிறதும் உப்பிடித்தானே. அந்த நேரம் வாய் திறந்தா யாவாரம் கெட்டுது. கடையில பாத்துப் பழகினதோ?”

“ஓம் அப்பா.”

அப்பா எந்த முதல் விலையையும் வாழ்நாளில் ஒப்புக்கொள்ளாத மனிதர், றோட்டைப் பார்த்தபடி காத்திருக்கிறார்… அது கை தவறி வந்தது என்று சொல்லிவிடலாமா? சிரிப்பு வருகிறது, வரட்டும், வேலை கையில் இருக்கிறதே, ஆனால் அடுத்த ஞாயிறு அந்த மௌனத்தைத் தெரிந்தே கொடுக்கவேண்டும், தெரிந்து கொடுத்தால் அதே விலை போகுமா… மூன்று வரவு, ஐந்து செலவு, இரண்டு பாக்கி, யாருக்கு என்றுதான் தெரியவில்லை.