மூன்றாவது தட்டு

நூறு வயதுத் திராட்சைக் கொடிகளில் காய்த்த பழத்திலிருந்து எடுத்த பிரெஞ்சுச் சிவப்பு ஒயின் அது. எந்த உணவோடு அதைப் பரிமாறலாம் என்று சொல்ல, எங்கள் உணவகத்தின் ஒயின்காரி சமையலறைக்கு வந்தாள். கர்ப்பம் தெரிந்ததிலிருந்து ஒவ்வொரு வாய் ஒயினையும் நாக்கில் சுழற்றிப் பார்த்துவிட்டுத் துப்பிவிடுவாள். இன்று விழுங்கினாள்.

"என்னடி முழுங்கிட்ட? புள்ள உள்ள ஆட்டம் போடப் போகுது" என்றேன்.

"இனிமே துப்ப வேண்டியதில்லக்கா. வியாழக்கிழமையே கலைஞ்சு போச்சு."

ருசி பார்க்க நான் சமைத்து வைத்திருந்த இரண்டு தட்டுகளையும் அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் ஆட்டுக்கறியை மென்று ஒயினைக் குடித்தாள். பிறகு வாத்துக்கறி, மறுபடியும் ஒயின்.

"எதுக்கு எது சேருதுன்னே தெரியலக்கா. எல்லாம் வெந்நி மாதிரி இருக்கு."

"வீட்டுக்குப் போடி. முதலாளிகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"அங்க எங்க வீட்டுக்காரரு தொட்டிலைக் கழட்டிட்டிருக்காரு. அது முடியட்டும்னுதான் இங்க வந்தேன்."

அன்றைக்கு ருசி பார்க்க வேண்டியவை அந்த இரண்டு கறிகள் மட்டும்தான். நான் காளான் கூடையை இறக்கி அடுப்பைப் பற்றவைத்தேன்.

"இன்னொண்ணு பாக்கி இருக்கு, உக்காரு. இது வேக நேரமாகும்" என்று சொல்லித் தீயைக் குறைத்தேன்.