பவுனுவின் கடைசி ஈற்று

நான் கோபக்காரன். தென்காசியில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும், சங்கிலிப்பாண்டியா, அவர் வாயில் விழாதே என்றுதான் சொல்வார்கள். ஆனாலும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷம் ஆனி மாதம் எனக்கு வந்த கோபம் எந்த மனுஷனுக்கும் வரக்கூடியதுதான். என் கல்யாணப் பட்டு வேட்டியின்மேல் எங்கள் வீட்டுப் பூனை நாலு குட்டி போட்டு வைத்திருந்தது.

பூனையின் பெயர் பவுனு. மஞ்சளும் கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும். நாலு வருஷத்துக்கு முன், என் மனைவி மாடத்தி ஐந்தாவது பிள்ளையைப் பெற்றுக் கிடந்த அறைக்குள் எங்கிருந்தோ வந்து அவள் காலடியில் படுத்துக்கொண்டது. விரட்டினாலும் போகவில்லை. நெல் பத்தாயத்தில் எலி என்ற பேச்சே இல்லாமல் செய்துவிட்டது, அதையும் சொல்லத்தான் வேண்டும். அதன் ஒரே குற்றம், வருஷத்துக்கு இரண்டு மூன்று ஈற்று. பத்தாயத்துக்குள் போட்டது, வைக்கோல் படப்பில் போட்டது, பத்திரப் பெட்டிமேல் போட்டது. கடைசியில் பட்டு வேட்டி.

"ஏட்டி, உன் பூனைக்கு வேற வேலையே கெடையாதா? இப்படியா வருசா வருசம் பெத்துப் போடும்?" என்று கத்தினேன்.

மாடத்தி அப்போது ஏழாவது பிள்ளையை வயிற்றில் சுமந்து ஐந்து மாதம். என்னை ஒரு பார்வை பார்த்தாள். குட்டிகளை வேட்டியோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

எங்கள் பக்கத்தில் பூனையைக் கொன்றால் பாவம். ஆனால் குட்டியைச் சாக்கில் போட்டு வேறு ஊரில் கொண்டுபோய் விட்டால் பாவம் இல்லை. இந்தச் சட்டத்தை எழுதினவன் யார் என்று தெரியாது. கோர்ட்டுச் சட்டத்தைவிட ஒழுங்காக அதை எல்லோரும் கடைப்பிடித்தோம். சாக்கை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு அவிழ்க்க வேண்டும். அப்போதுதான் குட்டிக்குத் திசை மறக்கும். தென்காசிக்காரர்கள் குற்றாலத்தில் விடுவோம். குற்றாலத்துக்காரர்கள் தென்காசியில் விடுவார்கள். ஒரு தடவை இலஞ்சி விலக்குப் பக்கம் என் வண்டியும் எதிரே வந்த ஒரு வண்டியும் ஒதுங்க இடமில்லாமல் நின்றுவிட்டன. என் சாக்கு "மியாவ்" என்றது. அந்த வண்டியிலிருந்த சாக்கும் பதில் சொன்னது. நானும் அந்த ஆளும் ஒருவரை ஒருவர் பார்க்காமல், மலையில் மேகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டோம்.

வேட்டியில் பிறந்த நாலையும் ஆடி பிறந்ததும் கொண்டுபோனேன். சாரல் சீசன், கூட்டம் நெரிந்தது. சோற்றுக்கடைகளுக்குப் பின்னால் சாக்கை அவிழ்த்துவிட்டு அருவியில் ஒரு குளியல் போட்டுவிட்டு வந்தேன். இரண்டு காரியமும் ஒரே பயணத்தில் முடிந்ததில் எனக்குத் திருப்திதான்.

ஆனால் இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்று முடிவு செய்தேன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக மாடு. மாட்டு விஷயத்தில் எனக்குத் தெரியாதது கிடையாது. மந்தையில் வேண்டாத கன்று விழக்கூடாது என்றால் என்ன செய்வோம்? காளைக்குக் காயடிப்போம். பசுவை யாரும் தொடுவதில்லை. பூனைக்கு மட்டும் வேறு நியாயமா? தெருவில் மொத்தம் மூன்று கடுவன் பூனைகள்தான். சுற்றுவட்டாரத்துக் காளைகளுக்கெல்லாம் காயடிக்கிற சுடலையாண்டிக்கு ஆள் அனுப்பினேன்.

சுடலையாண்டி வந்தான். விஷயத்தைக் கேட்டதும் தலையைச் சொறிந்தான்.

"அண்ணாச்சி, நான் ஆயிரம் காளைக்கு அடிச்சிருக்கேன். பூனைக்கு அடிச்சதில்லையே."

"காளையை அடக்குதவனுக்குப் பூனை ஒரு பெரிசாலே?"

"காளை உதைக்கும், அவ்வளவுதான். இது நாலு காலுலயும் கத்தி வச்சிருக்கே!"

தலையைச் சாக்குக்குள் விட்டுப் பிடித்து, இரண்டு கடுவனுக்கு ஒருவழியாக முடித்தான். முடித்தபோது அவன் கையும் மார்பும் முள்வேலியில் விழுந்து எழுந்தவன் போல இருந்தன. மூன்றாவது, ஒற்றைக்காதுக் கடுவன், சாக்கைப் பார்த்ததுமே ஓட்டின்மேல் ஏறி நாலு வீடு தாண்டிவிட்டது. "அது போகுது, அண்ணாச்சி. கெழட்டுப் பய" என்று சொல்லிவிட்டு சுடலையாண்டி கிளம்பினான். காயடிபட்ட இரண்டில் ஒன்று அடுத்த வீட்டுக் குருவம்மாளுடையது என்று பிறகுதான் தெரிந்தது. அவள் கடுவனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்று என்னைக் கேட்ட கேள்விகளை எழுத முடியாது.

போகட்டும், காரியம் முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன். ஐப்பசியில் மாடத்திக்கு ஏழாவது பிறந்தது. பெண். இசக்கி என்று பெயர் வைத்தோம். இந்தப் பேறு லேசானதாக இல்லை. மூன்று நாள் வலி. பிறகு இருபது நாள் காய்ச்சல். மருத்துவச்சி என்னைத் தனியே கூப்பிட்டு, "இந்தத் தடவை அம்மன் திருப்பிக் குடுத்துட்டா, அண்ணாச்சி" என்றாள். நான் கோயிலுக்கு ஒரு கிடா நேர்ந்துகொண்டு, அதோடு அதை மறந்தும்விட்டேன். அந்த இருபது நாளும் பவுனு கட்டிலை விட்டு இறங்கவில்லை.

கார்த்திகையில் பவுனு ஐந்து குட்டி போட்டது. ஐந்தும் அந்தக் கிழட்டுப் பயலின் ஜாடை.

எனக்குத் தலைக்கேறியது. "இனிமே குட்டியைக் கொண்டு விடுத பேச்சே கெடையாது. தாயையே கொண்டு விடுதேன். புளியரை தாண்டி, ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம். எத்தனை சுத்துச் சுத்தணுமோ அத்தனை சுத்து!" என்றேன்.

மாடத்தி என்னை எதிர்த்துப் பேசினதே கிடையாது. அன்றைக்குப் பேசினாள். பேசும்போதே அழுதாள்.

"நான் பிள்ளை பெத்துக் கெடக்கும்போதெல்லாம் எங்கூடக் கெடந்தது இது ஒண்ணுதான். நீங்க வாசல்படி தாண்டி எட்டிப் பாத்தீகளா? ஆம்பளப் பிள்ளையா பொம்பளப் பிள்ளையான்னு வெளியே நின்னு கேட்டுட்டுப் போனீக. பவுனைக் கொண்டு விடுததா இருந்தா, என்னையும் அந்தச் சாக்குல போட்டுக் கட்டிருங்க."

தைப்பொங்கல் வரைக்கும் தவணை கொடுத்தேன். அதற்குள் வழி கிடைத்தால் சரி, இல்லாவிட்டால் பவுனு மலைக்கு அந்தப் பக்கம். சொன்ன சொல்லை நான் மாற்றுவதில்லை என்று மாடத்திக்குத் தெரியும். அன்றிலிருந்து அவள் பூனையை மடியிலிருந்து இறக்கவில்லை.

மார்கழியில் வண்டி மாட்டுக்குக் குளம்பில் சீழ் வைத்து மாட்டாஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனேன். டாக்டர் கிதிர் முகம்மது கடையநல்லூர்க்காரர். நெசவு வீட்டுப் பிள்ளை, மதராஸில் படித்தவர். அவர் குளம்பைக் கழுவிக் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போது நான் பூனை புராணத்தை ஆரம்பித்தேன். மனுஷர் சிரித்த சிரிப்பில் மாடே மிரண்டது.

"அண்ணாச்சி, ஒம்பது கடுவனுக்கு அடிச்சாலும் பத்தாவது ஒண்ணு போதும். கடுவன் ஊர் சுத்துத பய. உங்க வீட்டுல சாப்பிடுதது எது? பவுனுதானே? அதுக்குச் செய்யணும்."

"பொட்டைக்கா? பொட்டைக்கு யாராவது காயடிப்பாகளா?"

"வயித்தைத் திறந்து, குட்டி உண்டாகுத உறுப்பை எடுத்துட்டுத் தைச்சிரலாம். மதராஸ்ல ரெண்டு பூனைக்குச் செஞ்சிருக்கேன். அப்புறம் குட்டி கெடையாது. ராவெல்லாம் கத்துததும் கெடையாது. எலி பிடிக்கிறது மட்டும் நிக்காது."

"இதுக்கெல்லாம் ஆபரேஷனா? குட்டியைக் கொண்டு விட்டாப் போச்சு" என்றேன், கொஞ்சம் ரோஷமாக.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். "கொண்டு விட்டீகளே, அண்ணாச்சி. அதுக என்னாச்சுன்னு ஒரு நாளாவது திரும்பிப் பாத்தீகளா?"

பார்த்திருந்தேன். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆடியில் விட்டுவந்த எட்டாம் நாள் மறுபடி குற்றாலம் போனபோது, சோற்றுக்கடைக்குப் பின்னால் சாக்கடையில் இரண்டு கிடந்தன. சாரல் நனைத்து, காக்கை கொத்தி, ஒன்றின்மேல் ஒன்றாக. மற்ற இரண்டையும் காணோம். நான் பாவம் செய்யவில்லை என்று மூன்று சுற்றுச் சுற்றியவன். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அந்த வழியே போகாமல் சுற்றிப் போனேன். இதையெல்லாம் டாக்டரிடம் சொல்லாமல் மாட்டைத் தடவிக்கொண்டு நின்றேன். அவருக்கு விளங்கியிருக்கும்.

"வளக்குதோம்னா சோறு போட்டா மட்டும் போதாது, அண்ணாச்சி. அது பெத்ததுக்கும் நாமதான் பொறுப்பு" என்றார். பிறகு மனசைத் திறந்து இன்னொன்றும் சொன்னார். பூனை மயக்க மருந்து தாங்காத ஜாதி. குளோரோபாரம் ஒரு சொட்டு கூடினாலும் கண் விழிக்காது. "நூத்துக்கு நூறுன்னு நான் சொல்ல மாட்டேன்."

வீட்டுக்கு வந்து மாடத்தியிடம் சொன்னேன். அவள் பவுனைத் தடவிக்கொண்டே கணக்குப் போட்டாள். மலைக்கு அந்தப் பக்கம் போனால் பவுனு நிச்சயம் செத்துவிடும். டாக்டரிடம் போனால் பிழைத்தாலும் பிழைக்கும். "டாக்டரையாகிட்டயே போவோம்" என்றாள்.

குட்டிகள் பால் மறக்கும்வரை பொறுக்கச் சொன்னார் டாக்டர். இந்தத் தடவை சாக்கு எடுக்கவில்லை. எலித்தொல்லை உள்ள வீடாகப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தேன். கொடுக்கும்போதே, "பொட்டைன்னா ஆறு மாசம் ஆகுததுக்குள்ள டாக்டரையாகிட்டக் கொண்டு போகணும்" என்று கண்டிஷன் போட்டேன். பெண் கொடுக்கும்போதுகூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்கள் என்று தெருவில் கேலி. குருவம்மாள் வாசலில் வந்து, "ஒரு தாயை மலடாக்கப் போறீகளே, வெளங்குமா?" என்றாள். அவள் கடுவன் அவள் காலடியில் கொழுகொழுவென்று படுத்திருந்தது. ஆவணியில் காயடித்ததிலிருந்து அது ஒரு சண்டைக்கும் போகவில்லை, ஒரு நாளும் காது கிழிந்து வரவில்லை. அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

தை பிறந்த மூன்றாம் நாள். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து பவுனுக்குச் சோறில்லை. மயக்க மருந்துக்கு வயிறு காலியாக இருக்கவேண்டுமாம். மூடிக் கட்டிய கூடையில் வண்டியேற்றினோம். வழியெல்லாம் என்னை என் அப்பன் பாட்டன் வரை திட்டிக்கொண்டே வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் பத்து மாடும் நாலு ஆடும் நின்றன. மீசை வைத்த நான் பூனைக்கூடையோடு இறங்கினதும் மாட்டுக்காரர்கள் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். என் கோபம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. கூடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசாமல் உள்ளே போனேன்.

மாடத்தி கைப்பிள்ளையோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள். ஒரு மணி நேரம். டாக்டர் வெளியே வந்து, "முடிஞ்சிருச்சு. இனி முழிக்கணும்" என்றார். இன்னொரு மணி நேரம். பவுனு மேஜைமேல் துணி மாதிரிக் கிடந்தது. மயிர் சிரைத்த வயிறு உரித்த கோழிபோல இருந்தது. நடுவே ஐந்து தையல். மூக்குக்கு நேரே விரலை வைத்துப் பார்த்தேன். மூச்சு இருந்தும் இல்லாமலும் இருந்தது. மாடத்திக்கு மூன்று நாள் வலி கண்டபோது நான் வயலில் நீர் பாய்ச்சிக்கொண்டிருந்தேன் என்பது ஏனோ அப்போது நினைவுக்கு வந்தது.

உச்சி திரும்பும் நேரத்தில் பவுனு ஒரு காதை அசைத்தது. பிறகு தலையைத் தூக்கி, என்னை அடையாளம் கண்டுகொண்டு, சத்தமில்லாமல் வாயைத் திறந்து சீறியது. "பிழைச்சுக்கிட்டுது, அண்ணாச்சி. உங்க பேர்ல கோவம் இருக்குல்லா!" என்றார் டாக்டர்.

பத்து நாள் எங்கும் தாவவிடாமல், தையலை நக்கவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பழைய துண்டைக் கிழித்து மாடத்தி அதற்கு வயிற்றுக்கட்டு தைத்துப் போட்டாள். கெண்டை மீனை முள்ளெடுத்து ஊட்டினாள். பதினோராம் நாள் தையல் பிரித்துக்கொண்டு வந்தோம். பவுனு பத்தாயத்தின்மேல் ஏறி உட்கார்ந்து, எதுவுமே நடக்காதது போல உடம்பை நக்கிக்கொண்டது. நான் சந்தோஷமாக வெற்றிலை போட்டுக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி என் சாமர்த்தியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாடத்தி ஒரு தொடையில் இசக்கியையும் மறு தொடையில் பவுனையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். தையல் தழும்பை ஒரு விரலால் தடவினாள்.

"இனிமே இதுக்குக் குட்டி கெடையாது, இல்லியா?"

"கெடையவே கெடையாது."

"வலியும் கெடையாது."

"ஆமா."

"இந்தத் தடவை செத்துப் போயிருவோமோன்னு பயமும் கெடையாது." என் முகத்தைப் பார்க்கவில்லை. "மனுசிக்கு இப்படி ஒரு வழி உண்டுமான்னு அந்த டாக்டரையாகிட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா?"

நான் கேட்கவில்லை. பூனைக்காக இரண்டு மாதம் அலைந்தவனுக்கு அது தோன்றவே இல்லை. வாயில் வெற்றிலை அப்படியே இருந்தது. அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம்போல அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

பூனைக்கு வழி சொன்ன மாட்டு டாக்டரால் மனுசிக்குச் சொல்ல முடியாது. கேட்டால் சொல்லத் தெரிந்த ஆளும் எங்கள் ஊரில் அப்போது இல்லை. எனக்குத் தெரிந்த ஒரே வழியைச் செய்தேன். எழுந்துபோய் என் பாயையும் தலையணையையும் எடுத்துவந்து முன்கூடத்தில் போட்டேன். மாடத்தி பாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். கல்யாணமான பதினாலு வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

இசக்கிதான் எங்கள் கடைசிப் பிள்ளை.