என் பெயரில் ஓர் இருமல்

என் உடம்பில் ஒரு கோளாறும் கிடையாது. இதைச் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை, கட்டிய மனைவி உட்பட.

கப்பல் உடைந்து கரையெல்லாம் எண்ணெய் ஒதுங்கியபோது, பாறைகளில் படிந்ததைச் சுரண்டும் வேலைக்கு நானும் மச்சானும் போனோம். மச்சான் என்றால் மனைவியின் தம்பி. அங்கே என் பட்டப்பெயர் கல்லு. மற்றவர்களுக்குத் தலை சுற்றியது, வாந்தி வந்தது. நான் மட்டும் மூன்று வேளையும் மூக்குப் பிடிக்கத் தின்றேன்.

கம்பெனி ஒரு கூடாரத்தில் டாக்டரை உட்கார வைத்திருந்தது. மருந்து இலவசம், ரகசியம்தான் கிடையாது. இன்று அவரிடம் இருமியவனுக்கு நாளை கேட் திறக்காது. அதனால் நாங்கள் ஒரு வழி வைத்திருந்தோம். வேலை முடிந்து ஊர் திரும்பப் போகிறவனின் அடையாள அட்டையை வாங்கிப் போய், அவன் பெயரில் இருமுவது. முகமூடியும் குல்லாயும் போட்டால் எல்லோரும் ஒரே அச்சு. போகிறவனுக்கு என்ன நஷ்டம்?

நான் கிளம்பும் வாரம் மச்சான் என் அட்டையோடு போனான். எக்ஸ்ரே எடுத்து மாத்திரை கொடுத்தார்கள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

ஊருக்கு வந்து துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை கேட்டேன். அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"நுரையீரல் கெட்டுப்போயிருக்குன்னு போட்டிருக்கே."

"உங்களுக்கு யாரு சொன்னா?"

"பழைய கம்பெனியில கேட்டோம், அனுப்பிட்டாங்க."

"அது என்னோடது இல்ல சார்."

"அப்ப யாரோடது?"

பெயர் தொண்டை வரை வந்தது. மச்சான் இன்னும் அங்கேதான் சுரண்டிக்கொண்டிருக்கிறான். கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. சொன்னால் வேலையும் போகும், பெண்ணும் போகும். எழுந்து வந்துவிட்டேன்.

நான் வீடு சேர்வதற்குள் சேதி சேர்ந்துவிட்டது. அந்த ஆபீஸில் மனைவிக்குத் தெரிந்தவர் யாரோ இருக்கிறார். அன்றிலிருந்து எனக்குத் தனி அறை, தனித் தட்டு. மகள் என்னிடம் ஓடி வந்தால் மனைவி பாதியிலேயே பிடித்து இழுத்துக்கொள்கிறாள். அதுதான் தாங்க முடியவில்லை. மனைவியிடம் உண்மையைச் சொல்லலாம். சொன்னால் மாமியாருக்குப் போகும், அங்கிருந்து பெண் வீட்டுக்குப் போகும். கூடாரத்து டாக்டரே தேவலாம்.

நேற்று மச்சான் பேசினான். மனைவி ஸ்பீக்கரில் போட்டாள்.

"மாமா, உடம்பு எப்படி இருக்கு?"

அக்கா காதில் விழும் என்று தெரிந்துதான் கேட்டான், திருட்டுப்பயல். பிறகு இரும ஆரம்பித்தான். நிற்கவே இல்லை.

"டாக்டர்கிட்ட போடா."

"போறேன் மாமா. ஊருக்குக் கிளம்பற ஆளு யாராவது சிக்கட்டும்."

போனை வைத்த மனைவிக்குக் கண் கலங்கியிருந்தது.

"கேட்டீங்கல்ல? அங்க ஒண்ணா இருந்தப்ப உங்ககிட்ட இருந்துதான் என் தம்பிக்கு ஒட்டிக்கிச்சு."

"இருக்கும்" என்றேன்.