சுவரேறிய குமிழி

சிக்னி ஹால்வர்சன் தன் இளமையின் பெரும்பகுதியை மீன்குஞ்சுகளின் இதயத்தைப் பார்ப்பதிலேயே செலவழித்தவள். மினசோட்டாவில் ஒரு பல்கலைக்கழகத்தின் நிலவறையில் நுண்ணோக்கியோடு குடித்தனம். அவள் எடுக்கும் படங்கள் உண்மையானவை. அதனாலேயே பார்க்கச் சகிக்காதவை. சாம்பல் நிறத்தில் நாலு புள்ளி, அவ்வளவுதான். அவளுக்கு அது போதும். ஆய்வகத் தலைவர் வெண்டல் க்ராட்ஸுக்குப் போதாது.

புதுக் கட்டடத்தின் முகப்புச் சுவருக்குப் படம் வேண்டும் என்று அவர் கேட்டபோது, அவசரத்தில் தவறான படத்தை அனுப்பிவிட்டாள். மறுநாள் வெண்டலே நிலவறைக்கு இறங்கி வந்தார். அது அவர் வழக்கமில்லை.

“இத்தனை வருஷமா இதை எங்க ஒளிச்சு வெச்சிருந்தே? இதயம் எப்படித் தகதகன்னு இருக்கு பாரு.”

“அது இதயம் இல்ல, வெண்டல். கண்ணாடித் தகட்டுக்கு அடியில மாட்டிக்கிட்ட காத்துக் குமிழி. வெளிச்சம் பட்டு மினுங்குது.”

வெண்டல் கதவைச் சாத்தினார். “வேற யாருக்குத் தெரியும்?”

“யாருக்கும் தெரியாது.”

“அப்ப அது இதயம்தான். அச்சுக்கு அனுப்பியாச்சு.”

குமிழி இரண்டு மாடி உயரத்துக்குச் சுவரேறியது. திறப்பு விழாவில் நன்கொடையாளர் ஒருவர் தன் பைபாஸ் ஆபரேஷனை நினைத்து அதன் முன்னால் கண்கலங்கி நின்றார். அவருக்குக் கைக்குட்டை கொடுத்தவள் சிக்னிதான். விழாக் கேக்கைத் தொடாமலே நிலவறைக்குத் திரும்பிவிட்டாள். அவள் எழுதிய கட்டுரைகளெல்லாம் சேர்ந்து கொண்டுவராத அழைப்பைக் குமிழி கொண்டுவந்தது: விஸ்கான்சினில் பேராசிரியர் வேலைக்கு நேர்காணல்.

“அங்க போய் வாயை விட்டுடாதே,” என்று சொல்லித்தான் வெண்டல் அனுப்பினார்.

தேர்வுக் குழுத் தலைவர் முதலில் திரையில் போட்டதே அந்தப் படத்தைத்தான். “இதப் பத்திச் சொல்லுங்க. நாங்க எல்லாரும் சொக்கிப் போயிருக்கோம்.”

சிக்னி தண்ணீர் குடித்தாள். இப்போது இருக்கிற வேலையும் கோடையோடு முடிகிறது. அந்தக் கைக்குட்டைக்காரரின் முகம் நினைவுக்கு வந்தது.

“இது காத்துக் குமிழி,” என்றாள்.

குழுவில், மேசைக் கோடியில் இருந்த டெல்ஃபின் ஆர்சனோ மட்டும் சிரித்தாள். நுண்ணோக்கிகளைத் தன் கையாலேயே செய்கிறவள் அவள். “அப்பாடா. எனக்குத்தான் கண்ணு கெட்டுப்போச்சோன்னு இருந்தேன்.”

“முன்னாடியே சொல்லியிருக்கலாமே, டெல்ஃபின்,” என்றார் தலைவர்.

“எல்லாரும் சொக்கிப் போயிருந்தீங்க. நான் எதுக்கு எழுப்பணும்?”

வேலை கிடைக்கவில்லை. சிக்னியிடம் தொலைநோக்கு போதாது என்று குழு கருதியதாம். நுண்ணோக்கிக்காரியிடம் வேறென்ன எதிர்பார்த்தார்களோ. அந்த வாரமே டெல்ஃபின் போன் செய்தாள்.

“எங்க நுண்ணோக்கிக் கூடத்தைப் பாத்துக்க ஆள் வேணும். பேராசிரியர் பட்டமெல்லாம் கிடையாது. பொய் சொல்ற வேலையும் கிடையாது. வரியா?”

போனாள். வெண்டலுக்கு அந்த வருஷம் ஒரு விருது கிடைத்தது. சிக்னிக்குக் கிடைத்தது, யாரும் அதிகம் படிக்காத ஒரு பத்திரிகையில், டெல்ஃபினோடு சேர்ந்து எழுதிய ஒரு கட்டுரை. அதைப் படித்துவிட்டு ஒசாகாவிலிருந்து முன்பின் தெரியாத ஒருத்தி மட்டும், மீன்குஞ்சு துள்ளாமல் எப்படிப் படம் எடுத்தீர்கள் என்று கேட்டு எழுதியிருந்தாள். சிக்னி ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து அவளுக்குப் பதில் எழுதினாள்.