வெள்ளத்தன்று ஆறு வறண்டிருந்தது

1
இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. அதை மறைப்பானேன். “ஆறு அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது” என்றுதான் முதலில் தொடங்கினேன். அடித்துவிட்டேன். ஆற்றை வர்ணிக்கிற மனநிலையிலா இருக்கிறேன்?

2
நேராகவே சொல்கிறேன். எவ்வளவு மழைக்கு ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று கணினியில் கணிப்பது என் வேலை. முனைவர் பட்டம் வாங்கியதும் அதில்தான். அந்தக் கணிப்பை நம்பி ஆற்றங்கரையில் அறுநூறு வீடுகளுக்கு இடம் குறித்திருக்கிறார்கள். ‘இங்கே வெள்ளம் வராது’ என்ற அறிக்கையில் நாளைக் காலை நான் கையெழுத்துப் போட வேண்டும்.

3
ஒரு சின்னச் சந்தேகம். ஆற்றின் நீர்மட்டத்தைத் தினமும் குறித்துவந்த ஊழியருக்குப் போன் செய்தேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

“பெரிய வெள்ளத்தப்ப மூணு நாள் ஆறு வறண்டு கெடந்ததா கணக்குல இருக்கே, ஐயா?”

“யாரும்மா சொன்னது? அளவுகோலே முங்கிப்போச்சு. எதைப் பாத்து எழுதுறது? வெறும் கோடு போட்டு விட்டுட்டேன்.”

அந்தக் கோட்டைப் பூஜ்யமாக்கியவர்—

(இந்த இடத்தில் எழுந்து காபி போடப் போனேன். மூன்று தடவை. சரி, எழுதித் தொலைக்கிறேன்.)

நான்தான். மாணவியாக இருந்தபோது, எண் இல்லாத இடத்திலெல்லாம் பூஜ்யம் போடு என்று கணினிக்கு ஒரே வரியில் உத்தரவிட்டேன். அந்த வெள்ளமே என் கணிப்பில் இல்லாமல் போயிற்று. ஒன்பது வருடமாக ஒருத்தரும் கேட்கவில்லை. நானும்தான்.

4
துறைத்தலைவரை வில்லனாக்க ஆசைப்பட்டேன். முறுக்கு மீசைகூட வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. மனிதர் அன்பாகத்தான் பேசினார். அதுதான் எரிகிறது.

“மூணு நாள் கணக்குதானேம்மா, விடு. வெளிய தெரிஞ்சா உன் பட்டம்தான் போகும்.”

“அறுநூறு வீடு, சார்.”

“அடுத்த வெள்ளம் வர்றதுக்குள்ள நாம ரெண்டு பேரும் ரிடையர் ஆயிருப்போம்.”

நான் தலையை ஆட்டியதாக ஞாபகம்.

5
முடிவு ஒன்று: உண்மையை எழுதி அனுப்புகிறேன், பட்டம் போகிறது.
முடிவு இரண்டு: கையெழுத்துப் போடுகிறேன். ஒரு நாள் மழை—

உங்களைக் கேட்டால் முதலாவதைத்தான் சொல்வீர்கள். ஊரான் வீட்டு நெய்தானே! போகப்போவது உங்கள் பட்டமில்லை. தேர்ந்தெடுக்கிற சுகத்தை உங்களுக்குத் தரமாட்டேன்.

ஆனால் இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள், இனி உங்களுக்கும் தெரியும். என்மேல் எனக்கே நம்பிக்கையில்லை. நான் கையெழுத்துப் போட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டால், அங்கே வீடு வாங்கப்போகிறவர்களிடம் நீங்கள் போய்ச் சொல்லுங்கள். யார் செய்த தப்பு என்றும் சேர்த்தே சொல்லுங்கள்.